வியட்நாமின் வர்த்தகச் சட்டச் சீர்திருத்தமும் வெளிநாட்டுத் தொழில்நுட்ப உதவியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழில்நுட்ப உதவி என்பது பணமா, பொருளா, ஆளா?

பெயரைக் கேட்டதும் இயந்திரங்களையும் கணினிகளையும் நினைப்பவர்கள் உண்டு. வளர்ச்சி உதவி பற்றிய பேச்சில் இந்தச் சொல் பெரும்பாலும் அறிவையும் உழைப்பையும் குறிக்கிறது. கடனுதவி என்றால் பணம் அரசின் கருவூலத்துக்குப் போகும். தொழில்நுட்ப உதவியில் பணம் பெரும்பாலும் அரசின் கையைத் தொடுவதே இல்லை. வல்லுநர்களின் ஊதியம், மொழிபெயர்ப்பு, பயிலரங்கு, அதிகாரிகளின் ஆய்வுப் பயணம், நூல் அச்சிடும் செலவு ஆகியவற்றை உதவி தரும் நாடே நேராகக் கொடுத்துவிடும். அதனால் இதில் பாலமோ அணையோ எழுவதில்லை. ஒரு சட்டவரைவின் ஓரத்தில் எழுதப்பட்ட குறிப்புகளும், ஒரு நீதிபதி கேட்ட கேள்விக்குக் கிடைத்த விடையுமே இதன் விளைபொருள்கள். கண்ணுக்குத் தெரியாத விளைபொருள் என்பதாலேயே இதைப் பற்றி மிகையான புகழும் மிகையான பழியும் எளிதாக எழுகின்றன.

நிலைமாறும் பொருளாதாரங்களுக்கு இந்த உதவி ஏன் தனியாகத் தேவைப்பட்டது?

அரசே திட்டமிட்டு, அரசே உற்பத்தி செய்து, அரசே பகிர்ந்தளித்த நாட்டில் நிறுவனச் சட்டமோ திவால் சட்டமோ போட்டிச் சட்டமோ தேவைப்படவில்லை. இரு ஆலைகளுக்கு இடையே ஒப்பந்தம் என்று இருந்தது பெரும்பாலும் மேலிருந்து வந்த திட்ட ஆணையின் மறுவடிவமே. தகராறு வந்தால் அமைச்சகம் தீர்த்து வைக்கும். சந்தைக்கு மாறிய நாளில் அந்நாடுகளிடம் தொழிற்சாலைகள் இருந்தன, பொறியாளர்கள் இருந்தனர், ஆனால் முன்பின் அறியாத இருவர் ஒருவரை ஒருவர் நம்பிச் சரக்கை அனுப்புவதற்கான சட்டம் இல்லை.

இந்தப் பக்கம் வியட்நாமை ஏன் எடுத்துக்கொள்கிறது?

இருபதாண்டுக் காலத்தை முழுமையாகப் பின்தொடர்ந்து பார்க்க முடிகிற நாடு அது. 1986 டிசம்பரில் நடந்த கம்யூனிஸ்ட் கட்சியின் ஆறாவது பேராயத்தில் ‘தொய் மொய்’ எனப்படும் புதுப்பித்தல் கொள்கை ஏற்கப்பட்டபோது நாட்டின் ஆண்டுப் பணவீக்கம் 700 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. 1994-இல் அமெரிக்கா தன் வர்த்தகத் தடையை நீக்கியது. 1995-இல் தூதரக உறவு மலர்ந்தது. 2000 ஜூலை 13 அன்று கையெழுத்தான இருதரப்பு வர்த்தக உடன்பாடு 2001 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. 2007 ஜனவரி 11 அன்று வியட்நாம் உலக வர்த்தக அமைப்பின் 150-ஆவது உறுப்பினரானது. போரில் எதிரெதிரே நின்ற இரண்டு நாடுகளில் ஒன்று, மற்றதன் சட்டவரைவுகளை வரிவரியாகப் படித்துக் கருத்துச் சொல்லும் நிலை, போர் முடிந்து முப்பது ஆண்டுகள் நிறைவதற்குள் வந்தது என்பது எளிதில் கடந்துபோகக்கூடிய செய்தி அன்று.

ஒரு வர்த்தக உடன்பாடு ஒரு நாட்டின் சட்டங்களை ஏன் தொட வேண்டும்? வரியைக் குறைத்தால் போதாதா?

அந்த உடன்பாட்டில் ஏழு அத்தியாயங்கள் இருந்தன. சரக்கு வர்த்தகம் அவற்றில் ஒன்றே ஒன்றுதான். அறிவுசார் சொத்து, சேவை வர்த்தகம், முதலீடு, தொழில் வசதிகள், சட்டங்களின் வெளிப்படைத்தன்மையும் மேல்முறையீட்டு உரிமையும், பொது விதிகள் என மற்றவை விரிந்தன. அமெரிக்கா கொடுத்தது ஒரே நாளில் கொடுக்கக்கூடியது: வியட்நாம் சரக்குகளின் மீதிருந்த, சராசரியாகச் சுமார் 40 விழுக்காடு எனக் கணக்கிடப்பட்ட இறக்குமதி வரியை மற்ற நாடுகளுக்கு உரிய அளவுக்கு இறக்கியது. வியட்நாம் கொடுக்க ஒப்புக்கொண்டதோ ஆண்டுக்கணக்கில் நீளும் வேலை. எந்தச் சட்டத்தை எந்த ஆண்டுக்குள் மாற்ற வேண்டும் என்ற கால அட்டவணை அதில் இருந்தது. அந்த அட்டவணையை நிறைவேற்ற உதவுவதற்காக அமெரிக்கப் பன்னாட்டு வளர்ச்சி முகமை, அதாவது யுஎஸ்எய்ட், 2001-இல் தொடங்கிய வர்த்தக விரைவாக்க ஆதரவுத் திட்டம் ‘ஸ்டார்’ என்ற சுருக்கப் பெயரால் அறியப்பட்டது. இரண்டு கட்டங்களாக 2010 வரை அது ஹனோயில் இயங்கியது.

அப்படியானால் வியட்நாமின் சட்டங்களை அமெரிக்கர்கள் எழுதினார்களா?

இல்லை. எழுதியிருந்தால் அவை நிலைத்திருக்கவும் மாட்டா. ஒவ்வொரு சட்டத்துக்கும் அந்தந்த அமைச்சகத்தின் வரைவுக் குழு உண்டு. வரைவு வியட்நாமிய மொழியில்தான் உருவாகும். அது ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு, வெளிநாட்டு வல்லுநர்கள் படித்து, உடன்பாட்டின் எந்த விதியோடு எந்த உட்பிரிவு முரண்படுகிறது, வேறு நாடுகள் இதே சிக்கலை எப்படித் தீர்த்தன என்று குறிப்பு எழுதுவார்கள். அந்தக் குறிப்பு மீண்டும் வியட்நாமிய மொழிக்குப் போகும். குழு அதை ஏற்கலாம், விடலாம். அடுத்த வரைவு வரும்; சுற்று மறுபடி தொடங்கும். ஐந்தாறு முறை வரைவு மாறுவது அங்கே புதிதன்று.

மேலும், வியட்நாம் ஒரே ஆசிரியரிடம் பாடம் கேட்கவில்லை. ஜப்பான் 1996 முதல் தன் பன்னாட்டு ஒத்துழைப்பு முகமை வழியாகச் சட்ட உதவி அளித்தது; 2004-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலும் 2005-ஆம் ஆண்டின் உரிமையியல் சட்டத் தொகுப்பிலும் ஜப்பானியப் பேராசிரியர்களின் கை தெரியும். ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டம், ஐரோப்பிய நாடுகள், உலக வங்கி ஆகியவையும் வந்தன. இதை ஒருங்கிணைப்பின்மை என்று குறை சொல்வோர் உண்டு. நான் அதைக் குறையாகப் பார்க்கவில்லை. நான்கு பேரிடம் கேட்டுவிட்டுத் தானே முடிவெடுக்கும் வீட்டுக்காரரை எந்த மேஸ்திரியும் ஏமாற்ற முடியாது.

சீர்திருத்தத்தின் தொடக்கமே வெளியிலிருந்து வந்ததுதானே?

இந்தக் கேள்விக்கு 1999-ஆம் ஆண்டின் தொழில் நிறுவனச் சட்டம் தெளிவான விடை தருகிறது. அமெரிக்க உடன்பாடு கையெழுத்தாவதற்கு முன்பே வியட்நாமின் நாடாளுமன்றமான தேசியப் பேரவையில் நிறைவேறி, 2000 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம் அது. வரைவுப் பணியை முன்னின்று நடத்தியது மத்தியப் பொருளாதார மேலாண்மை நிறுவனம் என்ற அரசு ஆய்வு நிறுவனம். அப்போது அதன் தலைவர் லெ தாங் தோவான். அதற்கு முன் ஒருவர் நிறுவனம் தொடங்க வேண்டுமானால் மாகாண மக்கள் குழுவிடம் அனுமதி பெற வேண்டும். அனுமதிக்கு முன் பல சான்றிதழ்கள். ஒவ்வொரு சான்றிதழுக்கும் ஒரு வாசல். புதிய சட்டம் அனுமதியை எடுத்துவிட்டுப் பதிவை வைத்தது. சட்டம் தடுக்காத எந்தத் தொழிலையும் குடிமகன் செய்யலாம் என்றது. ‘அனுமதிக்கப்பட்டதை மட்டும் செய்’ என்று பழகியிருந்த நாட்டில் இது தலைகீழ் மாற்றம்.

சட்டம் வந்த அடுத்த மாதமே, 2000 பிப்ரவரி 3 அன்று, பிரதமர் பான் வான் காய் 84 வகை உரிமங்களை ஒரே முடிவில் ஒழித்தார். அந்த ஓர் ஆண்டில் மட்டும் 14,000-க்கும் மேற்பட்ட புதிய நிறுவனங்கள் பதிவாயின. ஆய்வுச் செலவுக்கும் கருத்தரங்குகளுக்கும் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டம் துணை நின்றது உண்மை. ஆனால் விருப்பமும் துணிவும் உள்ளூரைச் சேர்ந்தவை. பின்னர் வந்த உதவித் திட்டங்கள் வியட்நாமில் பலித்ததற்கு, அவை வருவதற்கு முன்பே அங்கே ஒரு சீர்திருத்த அணி காத்துக்கொண்டிருந்தது என்பதே முதல் காரணம்.

இத்தனை உதவிகளில் எது மிகப் பெரிய பயன் தந்தது என்று சொல்ல முடியுமா?

பலர் அறிவுசார் சொத்துச் சட்டத்தையோ முதலீட்டுச் சட்டத்தையோ சொல்வார்கள். நான் அரசிதழைச் சொல்வேன்.

ஹைபோங் துறைமுகத்தில் ஒரு சிறு இறக்குமதியாளர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய சரக்குக்கு 10 விழுக்காடு வரி என்று கணக்குப் போட்டு வந்திருக்கிறார். சுங்க அலுவலர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுக்கிறார். அது சட்டமன்று, அரசாணையுமன்று. ‘கொங் வான்’ என்று அங்கே அழைக்கப்படும் அலுவல் கடிதம். மேலலுவலகம் கீழலுவலகத்துக்கு எழுதியது. அதன்படி அந்தச் சரக்கு வேறு இனத்தில் சேர்ந்துவிட்டது, வரி வேறு. இறக்குமதியாளர் அந்தத் தாளை இதற்கு முன் பார்த்ததில்லை, பார்க்க வழியுமில்லை. இந்த நிலையில் அவருக்கு முன் இருப்பவை இரண்டே வழிகள்: கேட்டதைக் கட்டுவது, அல்லது அலுவலரோடு தனியாகப் பேசுவது. ஊழல் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மனிதரின் பேராசையிலிருந்து மட்டும் பிறப்பதில்லை. ஒருவருக்குத் தெரிந்த விதி மற்றவருக்குத் தெரியாமல் இருப்பதிலிருந்தும் பிறக்கிறது.

வர்த்தக உடன்பாட்டின் வெளிப்படைத்தன்மை அத்தியாயம் இந்த இழுப்பறையைத்தான் குறிவைத்தது. 2002-இல் திருத்தப்பட்ட சட்டமியற்றல் நடைமுறைச் சட்டம், அதாவது சட்டங்களை எப்படி இயற்ற வேண்டும் என்று சொல்லும் சட்டம், நடுவண் அரசின் விதிமுறை ஆவணங்கள் ‘கொங் பாவ்’ எனப்படும் அரசிதழில் வெளிவர வேண்டும் என்றும், வெளிவந்து 15 நாள்கள் கழித்தே அவை பொதுவாக நடைமுறைக்கு வரும் என்றும் வகுத்தது. அரசிதழை நாள்தோறும் கொண்டுவரும் வேலையில் ஸ்டார் திட்டம் அரசு அலுவலகத்துக்குத் துணை செய்தது. 2008-இல் மறுபடியும் எழுதப்பட்ட அதே சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், வரைவு நிலையிலேயே ஆவணத்தை இணையத்தில் குறைந்தது 60 நாள்கள் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும், அதன் விளைவுகளை முன்கூட்டியே மதிப்பிட வேண்டும் என்று சொன்னது.

ஒரு நாட்டின் சட்டம் அச்சிடப்பட வேண்டும் என்று சொல்ல வெளிநாட்டு வல்லுநர் தேவையா என்று கேட்கலாம். கருத்துக்குத் தேவையில்லை. ஆனால் எந்த அமைச்சகமும் தன் கடிதத்தை வெளியிடத் தானாக முன்வராது. வெளியிட்டால் அதன் கையிலிருக்கும் பிடி தளரும். உடன்பாடு என்ற கெடு ஒரு பக்கமும், எப்படிச் செய்வது என்று சொல்லித்தர ஆளும் பணமும் மறுபக்கமும் இருந்ததால்தான் உள்ளிருந்த சீர்திருத்தவாதிகள் அந்தத் தயக்கத்தை வெல்ல முடிந்தது.

நீதிமன்றங்களில் என்ன மாறியது?

மக்கள் உச்ச நீதிமன்றத்தின் மறுஆய்வுத் தீர்ப்புகள் தொகுதிகளாக அச்சில் வந்தன. அதற்கும் ஸ்டார் உதவியது. அதுவரை ஒரு வழக்கறிஞர் முன்தீர்ப்பை மேற்கோள் காட்டி வாதாடுவது நடைமுறையில் இயலாத செயல். 2010-இல் இயற்றப்பட்டு 2011 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நிர்வாக வழக்கு நடைமுறைச் சட்டம், அரசு அலுவலரின் முடிவை எதிர்த்து நீதிமன்றம் செல்லும் உரிமையை விரிவாக்கியது. நீதிபதிகளின் தற்சார்பு பற்றிக் கேட்டால், அந்தக் கதவு இன்னும் பாதிகூடத் திறக்கவில்லை என்பதே நேர்மையான விடை.

ஒரு சட்டப் பிரிவின் அளவில் இந்த உதவி எப்படி வேலை செய்தது என்று காட்ட முடியுமா?

2005-ஆம் ஆண்டின் தொழில் நிறுவனச் சட்டம், நிறுவனக் கூட்டத்தில் சாதாரணத் தீர்மானம் நிறைவேறவே 65 விழுக்காடு வாக்குகள் வேண்டும் என்றது. படிப்பதற்குச் சிறுபான்மைப் பங்குதாரருக்கான பாதுகாப்பு போல இருக்கும். ஆனால் கூட்டு நிறுவனத்தில் 51 விழுக்காடு வைத்திருக்கும் வெளிநாட்டு முதலீட்டாளர், பெரும்பான்மை உரிமையாளர் என்ற பெயரோடு, ஒரு சாதாரண முடிவைக்கூடத் தனித்து எடுக்க முடியாது. உலக வர்த்தக அமைப்பில் சேரும் பேச்சுவார்த்தையில் இது பெரிய முட்டுக்கட்டையானது. அப்போதுதான் பிறந்திருந்த சட்டத்தை உடனே திருத்துவது அரசியல் வகையில் எளிதன்று. கண்டறியப்பட்ட வழி வேறு: 2006 நவம்பர் 29 அன்று தேசியப் பேரவை, உலக வர்த்தக அமைப்பில் சேரும் உடன்பாட்டுக்கு ஒப்புதல் அளித்த 71-ஆம் எண் தீர்மானத்திலேயே, குறிப்பிட்ட சில வாக்குறுதிகள் உள்நாட்டுச் சட்டத்துக்கு மேலாக நேரடியாகச் செல்லும் என்று இணைப்பு சேர்க்கப்பட்டது. நிறுவனங்கள் தங்கள் அமைப்பு விதியிலேயே 51 விழுக்காடு போதும் என்று எழுதிக்கொள்ளலாம் என்பது அவற்றுள் ஒன்று. ஓர் எண்ணின் பின்னால் இவ்வளவு பேச்சு இருக்கிறது. தொழில்நுட்ப உதவியின் அன்றாடம் பெரும்பாலும் இத்தகைய எண்களோடு மல்லுக்கட்டுவதுதான்.

மொழி ஒரு தடையாக இருக்காதா?

தடை என்பதைவிட அதுவே பாதி வேலை எனலாம். அண்டை நாடான கம்போடியாவில் இது இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. 1975 முதல் 1979 வரை அங்கே நடந்த கெமர் ரூஜ் ஆட்சியில் சட்டம் படித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கொல்லப்பட்டோ நாட்டைவிட்டு ஓடியோ போயிருந்தனர். 1999 முதல் ஜப்பானியச் சட்ட அறிஞர்கள் அங்கே உரிமையியல் சட்டத் தொகுப்பை உருவாக்க உதவியபோது, பல கருத்துகளுக்குக் கெமர் மொழியில் ஒப்புக்கொள்ளப்பட்ட சொல்லே இல்லை. ஒவ்வொரு சொல்லாக உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 2006-இலும் உரிமையியல் தொகுப்பு 2007-இலும் நிறைவேறின; பின்னது நடைமுறைக்கு வந்தது 2011 டிசம்பரில்தான். ‘வேகமாகச் சட்டம் போட்டுத் தருகிறோம்’ என்ற உதவியை விட இந்தப் பொறுமை மேலானது. தாய்மொழியில் பொருள் விளங்காத சட்டத்தை எந்த நீதிபதியும் நம்பிக்கையோடு கையாள மாட்டார். கலைச்சொல்லாக்கத்தில் தலைமுறைகளாக உழைத்துவரும் தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

‘30-ஆம் திட்டம்’ என்பது என்ன?

2007 ஜனவரி 10 அன்று பிரதமர் கையெழுத்திட்ட 30-ஆம் எண் முடிவால் அந்தப் பெயர் வந்தது. நாடு முழுவதும் அரசு அலுவலகங்கள் மக்களிடம் கேட்கும் படிவங்கள், சான்றுகள், அனுமதிகள் அனைத்தையும் முதலில் எண்ணிப் பட்டியலிடுவது, பிறகு தேவையற்றவற்றை வெட்டுவது என்பதே அதன் வழிமுறை. எண்ணி முடித்தபோது 5,000-க்கும் மேற்பட்ட நடைமுறைகள் இருந்தன. 2009 அக்டோபரில் அந்தப் பட்டியல் முழுவதும் இணையத்தில் வைக்கப்பட்டது. யுஎஸ்எய்டின் இன்னொரு திட்டமான வியட்நாம் போட்டித்திறன் முன்முயற்சி இதற்குத் துணை நின்றது. அதே முன்முயற்சியும் வியட்நாம் தொழில் வணிக அவையும் சேர்ந்து 2005 முதல் மாகாணங்களைத் தரவரிசைப்படுத்தின. எந்த மாகாணத்தில் பதிவுக்கு எத்தனை நாள், எவ்வளவு கையூட்டு என்று தொழில்முனைவோரையே கேட்டு எழுதினார்கள். பட்டியலில் கீழே இருந்த மாகாணத் தலைவர்கள் அடுத்த ஆண்டுக்குள் ஏதாவது செய்ய வேண்டிய நிலை வந்தது. இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு நெருக்குதல் தரும் கருவியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அமெரிக்காவுக்கு இதில் தன்னலம் இல்லையா?

நிச்சயமாக உண்டு, அதை மறைக்கவும் இல்லை. அமெரிக்க நிறுவனங்களுக்குக் காப்பீடு, வங்கி, தொலைத்தொடர்புத் துறைகள் திறந்தன. வருத்தமூட்டுவது வேறொன்று. ஒரு கை சட்டம் சொல்லித் தந்துகொண்டிருந்தபோது மறு கை கதவைச் சாத்தியது. மேக்கொங் கழிமுகத்து உழவர்கள் வளர்த்த பாசா, திரா மீன்கள் அமெரிக்காவில் நன்றாக விற்கத் தொடங்கியதும், அவற்றைக் ‘கெளுத்தி’ என்ற பெயரில் விற்கக்கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் விதித்தது. 2003-இல், உரிய விலைக்கும் குறைவாக விற்கிறார்கள் என்று சொல்லி விதிக்கும் பொருள்குவிப்புத் தடுப்பு வரி, 36.84 முதல் 63.88 விழுக்காடு வரை வந்தது. வியட்நாம் சந்தைப் பொருளாதாரம் அன்று என்று அமெரிக்கா கருதியதால், அந்த உழவரின் உண்மைச் செலவுக்குப் பதில் வங்காளதேசத்து விலைகளைக் கொண்டு கணக்கிட்டார்கள். அதே 2003-இல் வியட்நாம் ஆடைகளுக்கும் அளவுக் கட்டுப்பாடு வந்தது. அடுத்து இறால், அந்த வழக்கில் வியட்நாமோடு இந்தியாவும் தாய்லாந்தும் உட்பட ஆறு நாடுகள் சிக்கின. தூத்துக்குடி ஏற்றுமதியாளர்களுக்கும் அந்த வரியின் எரிச்சல் தெரியும். 2024 ஆகஸ்டிலும் வியட்நாமைச் சந்தைப் பொருளாதாரமாக ஏற்க அமெரிக்க வர்த்தகத் துறை மறுத்துவிட்டது.

இந்த உதவி தோற்ற இடங்கள் உண்டா?

ரஷ்யா உண்டு. 1990-களில் தனியார்மயத்துக்கும் மூலதனச் சந்தைக்கும் அறிவுரை வழங்க ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் வளர்ச்சி நிறுவனத்துக்கு யுஎஸ்எய்ட் நிதி தந்தது. அறிவுரை சொன்னவர்களே அந்தச் சந்தையில் தம் சொந்தப் பணத்தை முதலிட்டிருந்தார்கள் என்ற குற்றச்சாட்டால் 1997-இல் நிதி நிறுத்தப்பட்டது. அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் 2005-இல் பல்கலைக்கழகம் 2.65 கோடி டாலர் கொடுத்து உடன்பாடு செய்துகொண்டது. அங்கே ஒரு சிறு வட்டத்து அமைச்சர்களும் ஒரு சிறு வட்டத்து ஆலோசகர்களும் மட்டும் பேசி முடிவெடுத்தார்கள்; வரைவு ஊருக்கு வரவில்லை.

வியட்நாமிலும் எல்லாம் பலித்துவிடவில்லை. 2004-ஆம் ஆண்டின் திவால் சட்டம் ஏட்டில் நல்ல சட்டம். நீதிமன்றத்துக்கு அதைக் கொண்டுபோனவர்கள் மிகச் சிலரே. பெரிய அரசு நிறுவனங்களின் பக்கம் சீர்திருத்தம் போதிய அளவு நெருங்கவில்லை. கப்பல் கட்டும் அரசுக் குழுமமான வினாஷின் 2010-இல் 60 கோடி டாலர் கடனின் தவணையைக் கட்டத் தவறியபோது அது வெளிச்சத்துக்கு வந்தது. ‘சட்டம் ஆணைக்குக் காத்திருக்கிறது, ஆணை சுற்றறிக்கைக்குக் காத்திருக்கிறது’ என்று வியட்நாமியர்கள் சொல்வது இன்றும் வழக்கிலிருக்கும் பேச்சு.

ஒரு கட்சி ஆளும் நாட்டில் சட்டச் சீர்திருத்தத்துக்கு உதவுவது அந்த ஆட்சியை வலுப்படுத்துவதாகாதா?

ஓரளவுக்கு ஆகும். பொருளாதாரம் வளர்ந்தால் ஆளும் கட்சிக்கும் நற்பெயர். வணிகச் சட்டம் திறந்த வேகத்தில் பேச்சுரிமை திறக்கவில்லை. திறக்கும் என்று நம்பியவர்கள் ஏமாந்தார்கள். இருந்தாலும், துறைமுகத்தில் நின்ற அந்த இறக்குமதியாளருக்குத் தன் வரி விகிதத்தை முன்கூட்டியே படித்துக்கொள்ளும் உரிமையை, பெரிய உரிமைகள் வரும்வரை தள்ளிவைக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பயனை எப்படி அளப்பது?

2001-இல் அமெரிக்கா வியட்நாமிலிருந்து வாங்கிய சரக்கின் மதிப்பு சுமார் 105 கோடி டாலர். மறு ஆண்டே அது இரண்டு மடங்குக்கு மேலாகி, 2003-இல் 455 கோடியை எட்டியது. 2024-இல் 13,600 கோடியைத் தாண்டிவிட்டது. இதில் எவ்வளவு வரிக்குறைப்பால், எவ்வளவு சட்டத்தால், எவ்வளவு தொழிலாளரின் உழைப்பால் என்று பிரித்துக் காட்ட முடியாது. ஏற்றுமதி எண்ணைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும் எந்த உதவித் திட்ட அறிக்கையையும் ஐயத்தோடு படிப்பது நல்லது.

யுஎஸ்எய்ட் மூடப்பட்ட பிறகு என்ன ஆகும்?

2025 ஜனவரியில் அமெரிக்க வெளிநாட்டு உதவி நிறுத்திவைக்கப்பட்டது. ஜூலை 1 முதல் யுஎஸ்எய்ட் உதவித் திட்டங்களை நடத்துவதை நிறுத்திக்கொண்டது. இடையில் ஏப்ரல் 2 அன்று வியட்நாம் சரக்குகளுக்கு 46 விழுக்காடு வரி அறிவிக்கப்பட்டது. 2001-இல் எந்த அளவு வரியை இறக்கி இந்தக் கதை தொடங்கியதோ, ஏறக்குறைய அதே அளவு. பின்னர் பேச்சுவார்த்தையில் அது 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டாலும், வாக்குறுதியை நம்பி இருபதாண்டுகள் சட்டம் மாற்றிய ஒரு நாட்டுக்கு அது கொடுத்த அதிர்ச்சி சிறிதன்று. ஜப்பானின் சட்ட உதவி தொடர்கிறது. ஹனோயில் அன்று வரைவுக் குழுக்களில் இளநிலை அலுவலர்களாக உட்கார்ந்தவர்கள் இன்று மூத்தவர்கள். புதிய உடன்பாடுகளின் விதிகளை அவர்களே படித்து, அவர்களே உள்நாட்டுச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். கொங் பாவ் வெளிவந்துகொண்டிருக்கிறது.